மேசைமேல் ஒரு பாலை நிலம்

விளையாட்டுக்களுள் சில உடலுக்குரியன, சில அறிவுக்குரியன, வேறு சில கற்பனைக்குரியன. கிளித்தட்டு முதலாவது வகை; சதுரங்கம் இரண்டாவது வகை. மூன்றாவது வகையைச் சேர்ந்த ஒன்று, மேனாடுகளில் ஐம்பது ஆண்டுகளாக வழங்கிவந்து, இன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, எமது ஹெந்தளை ஆகிய இடங்களிலுள்ள மாணவர் சிலரிடையேயும் இடம்பிடித்துள்ளது. பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு என அதனைக் கூறலாம். இப்பேச்சில் அதனைக் கதையாட்டம் என்று சுருக்கமாகக் குறிப்பிடுவோம்.

கதையாட்டத்துக்குப் பலகையும் காயும் இன்றியமையாதன அல்ல. நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சூழ அமர்வர். அவருள் ஒருவர் கதை நடத்துநர். அவர் ஓர் இடத்தையும் ஒரு சூழ்நிலையையும் சொல்லால் அமைத்துக் காட்டுவார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் அவ்விடத்தில் யாது செய்யும் என உரைப்பர். ஒரு செயல் கைகூடுமோ கூடாதோ என்ற ஐயம் எழும்போது பகடை உருட்டப்படும். வென்றவர், தோற்றவர் என்ற முடிவு இதற்கில்லை. கதை வளர்வதே பயன். அண்ணாவியார் முன்னின்று நடத்த, கூத்தர் தாம் தாம் ஏற்ற வேடத்துக்கு ஏற்ப ஆடும் நாட்டுக்கூத்தை இது ஓரளவு ஒத்தது. ஆயின் கூத்துக்கு ஏடு உண்டு. இதற்கு ஏடு இல்லை. ஆடுவோரே கதையை ஆக்கிக்கொண்டு செல்வர்.

இவ்விளையாட்டின் வேர் போர்க்கலையில் உள்ளது. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியாகிய ரைஸ்விட்ஸ் என்பவர் 1824 ஆம் ஆண்டில், நிலப்படத்தின்மீது சிறு கட்டைகளை நகர்த்திப் போர்முறை பயிலும் விளையாட்டொன்றை வெளியிட்டார். இரு தரப்புக்கும் நடுவே நடுவர் ஒருவர் இருந்து, பகடையின் துணைகொண்டு விளைவுகளைத் தீர்மானித்தார். அந்நடுவரே பிற்காலத்துக் கதை நடத்துநரின் முன்னோடி எனலாம். 1974 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர், படைகளுக்குப் பதிலாகத் தனி மனிதரைப் பாத்திரமாக்கி, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். கதையாட்டம் என்ற வகை அதிலிருந்தே பெருகிற்று.

கதையாட்டங்களில் பெரிதும் விரும்பப்படும் களங்களுள் ஒன்று, போரின்பின் கைவிடப்பட்டு, வேலியிட்டு மூடப்பட்டு, சட்டத்தின் கை எட்டாதிருக்கும் நிலப்பகுதியாகும். 1984 இல் அமெரிக்காவில் வெளியான 'டுவைலைட் 2000' என்ற ஆட்டம், மூன்றாம் உலகப் போரால் அழிந்த போலந்து நாட்டில் அலையும் படைவீரரைப் பற்றியது. இத்தகைய நிலத்துக்கு 'வலயம்' என்ற பெயர் வழங்கலானதற்கு ரஷ்ய எழுத்தாளராகிய ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர் 1972 இல் எழுதிய நாவலொன்று பெருங் காரணமாகும். அதனைத் தழுவி 1979 இல் தார்க்கோவ்ஸ்கி 'ஸ்டால்கர்' என்ற திரைப்படத்தை எடுத்தார். தடைசெய்யப்பட்ட நிலத்துள் களவாக நுழைந்து அங்குள்ள அரும்பொருள்களைக் கவர்ந்து வருவோர் பற்றிய கதை அந்நாவல். பின்னர், 1986 ஏப்பிரல் 26 ஆம் நாள் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, கதையிற் கண்ட வலயம் மெய்யாகவே தோன்றிற்று. உலையைச் சுற்றி முப்பது கிலோமீற்றர் ஆரத்துக்கு நிலம் மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 116,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

இத்தகைய களம் ஒன்றை நம் இளைஞர் அமைக்க விரும்பின், எங்கிருந்து தொடங்க வேண்டும்? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

மாணவன் ஒருவன் தன் ஆட்டத்துக்கென வரைந்த படமொன்றை அண்மையில் கண்டேன். இடிந்த கட்டடங்கள், கொள்ளையர் பாசறை, புதையுண்ட ஆயுதக் களஞ்சியம் யாவும் அதில் செம்மையாக வரையப்பட்டிருந்தன. ஒரு மூலையில் கிணறொன்றும் இருந்தது. "இந்தக் கிணறு யாருடையது?" என்று வினவினேன். "யாருடையதும் இல்லை, சேர். அது வலயம்" என்றான். படத்தில் குறைவாயிருந்தது அக்கிணற்றின் உரிமையே. யாருடையதும் அல்லாத கிணறு இந்நாட்டில் எங்கும் இல்லை. யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை எடுத்துப் பார்ப்போர், கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரிமை, பயன்தரு மரங்கள் எனத் தனித்தனியே எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். ஆள் இல்லை என்பது வேறு. உரியவர் இல்லை என்பது வேறு. வலயம் என்பது உரியவர் உள்ள, ஆனால் அவர் வாழவியலாத நிலம். இவ்வேறுபாட்டை உணர்ந்து அமைக்கும் களமே உயிருள்ள களமாகும்.

இதனை உணர்த்தும் கோட்பாடு தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நால்வகை நிலங்களைக் கூறி, அவற்றுக்குரிய தெய்வங்களையும் வகுத்தார். பாலைக்கு அவர் நிலம் வகுத்தாரில்லை. முல்லையும் குறிஞ்சியுமே வெம்மையால் வளம் இழந்து பாலையாகும் என்ற கருத்தைச் சிலப்பதிகாரம் தருகின்றது. எனவே பாலை பிறவி நிலம் அன்று, ஆக்கப்பட்ட நிலம். அங்கே வழிப்போக்கரை மறித்துக் கொள்ளையிடும் ஆறலைகள்வர் உண்டு, வற்றிய நீர்நிலை உண்டு, பருந்து உண்டு. மேனாட்டார் கூறும் சட்டமற்ற வலயத்துக்கு இதனைவிட நெருங்கிய தமிழ்ப் பெயர் வேறில்லை. ஆயின் பாலைத் திணையின் உரிப்பொருள் கொள்ளை அன்று, பிரிவு. கள்வரும் கள்ளியும் சூழ்நிலை மாத்திரமே. பாட்டுக்கு உயிர் தருவது பிரிந்தோரின் நெஞ்சம். கதையாட்டத்துக்கும் இது பொருந்தும். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற அம்மூன்று படிகளையே களம் அமைப்போர் கைக்கொள்ளலாம்.

முதற்பொருளாவது நிலமும் காலமும். வலயத்தை வரைவதற்கு முன், அது வலயமாகாதிருந்த காலத்தை வரைதல் வேண்டும். நம் நாட்டில் இதற்கு மாதிரியாகக் கொள்ளத்தக்கது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்குப் பகுதி. செம்மண் தோட்டங்கள், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, கொழும்பிலிருந்து வரும் புகைவண்டியின் கடைசி நிலையம், மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம், கீரிமலைக் கேணி, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், பலாலி விமானத் தளம் ஆகியன அப்பகுதியில் அமைந்திருந்தன. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மூண்டபோது மக்கள் வெளியேறினர். அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. புகைவண்டி நின்றது, துறைமுகம் மூடப்பட்டது. வெளியேறியோருட் பலர் முகாம்களிலும், சிலர் கொழும்பிலும், வேறு சிலர் கடல்கடந்தும் வாழ்ந்தனர். வெள்ளவத்தை மாடிவீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றின் அலுமாரிகளில், சென்று காணவியலாத காணிகளின் உறுதிகள் பத்திரமாயிருந்தன.

ஆகவே களம் அமைப்போர் ஒரு தாளில் மூன்று கோடுகளை வரைக. முதலாவது கோடு பழைய ஊரின் எல்லை. இரண்டாவது கோடு வேலி. மூன்றாவது கோடு அபாயம் உள்ள இடத்தின் எல்லை. இம்மூன்றும் எப்போதும் ஒன்றாகா. வேலிக்கு வெளியிலும் அபாயம் இருக்கலாம். வேலிக்கு உள்ளே அபாயம் எதுவும் இல்லாத தோட்டமும் இருக்கலாம். இக்கோடுகளின் இடைவெளிகளிலேயே கதைகள் பிறக்கும்.

வேலியை இட்டவர் யார், எந்த ஆணையால் இட்டார் என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும். சட்டமற்ற இடம் பெரும்பாலும் ஒரு சட்டத்தின் பிள்ளையே. எமது ஹெந்தளையில் ஒல்லாந்தர் ஆட்சியில் 1708 ஆம் ஆண்டில் தொழுநோயாளர் இல்லம் ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர் 1901 ஆம் ஆண்டின் சட்டம், தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க இடமளித்தது. அது போர் நிலம் அன்றாயினும் மதிலின் இயல்பை விளக்கும். அச்சம் ஒன்று மதிலை எழுப்புகிறது. எழுத்திலுள்ள ஆணை மதிலைக் காக்கிறது. அச்சம் நீங்கிய பின்னும் ஆணை எஞ்சுகிறது. வலிகாமம் வடக்கிலும் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆயினும் 2013 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6,380 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணி உரிமையாளர் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். துப்பாக்கி ஓய்ந்த பின் வலயத்தின் போராட்டம் கடதாசியில் நடைபெறுகின்றது. மேசை ஆட்டத்தில் இதனை ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை; எண்ணிப் பார்ப்பின் அரிய கதைகள் கிடைக்கும்.

அடுத்தது கருப்பொருள். அந்நிலத்தில் உள்ள மரம், விலங்கு, ஒலி, தொழில் என்பன இதனுள் அடங்கும். ஆளற்ற ஊரில் முதலில் மறைவது ஒழுங்கை. கதியால் வேலிகள் மரங்களாகி, இரு புறமிருந்தும் வளர்ந்து வழியை மூடும். முற்றம் பற்றைக்காடாகும். கூரை வீழ்ந்த அறைக்குள் மரம் முளைக்கும். கட்டாக்காலி மாடுகள் தெருவைத் தமதாக்கும். வீடு அடையாளமின்றிப் போன பின்னும் கிணறு நிலைத்திருக்கும். மீண்டு வருவோர் தம் வளவைக் கண்டறியக் கிணற்றையே குறியாகக் கொள்ளல் இயல்பு. ஆதலால் வலயப் படத்தில் கிணறுகளைச் சரியாகக் குறித்தல், கோட்டைகளைக் குறிப்பதிலும் முதன்மையானது.

போர்நிலத்தின் கருப்பொருளுள் மிகக் கொடியது மிதிவெடி. வட மாகாணத்தில் முகமாலையை ஒட்டிய பகுதி, இரு படைகளும் நெடுங்காலம் எதிரெதிரே நின்றமையால், மிக அடர்த்தியாக வெடிகள் புதைக்கப்பட்ட இடமாயிற்று. ஹலோ டிரஸ்ட் என்ற நிறுவனம் 2002 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் வெடியகற்றும் பணியை ஆற்றிவருகின்றது. டாஷ், ஷார்ப் முதலிய உள்நாட்டு நிறுவனங்களும் இதில் ஈடுபட்டுள்ளன. பணியாளருள் பெண்கள் பலர். அவருட் சிலர் போரிற் கணவரை இழந்தவர். முகக் கவசமும் மார்புக் கவசமும் அணிந்து, பல்லுள்ள வாரி கொண்டு, மண்ணைச் சிறிது சிறிதாக வாரி இறக்குவர். ஒருவர் ஒரு நாளிற் சில சதுர மீற்றர் நிலத்தையே துப்புரவாக்க இயலும். வேகம் அங்கே வீரம் அன்று, அழிவு. திரைப்படத்தில் வெடிநிலத்தை ஓடிக் கடப்போரைக் கண்டு பழகிய இளைஞருக்கு இப்பணியின் பொறுமையைக் கற்பிக்கக் கதையாட்டம் தக்க கருவியாகும்.

அதற்கு எளிய விதியொன்றைக் கூறுகின்றேன். 2025 ஏப்பிரலில் பலாலி வீதியின் மூடப்பட்டிருந்த பகுதி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. திறந்தபோது, காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மாத்திரமே செல்லலாம், இடைவழியில் நிறுத்தலாகாது, படம் எடுக்கலாகாது என்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இக்கால அளவையே ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஆறு மணியிலிருந்து ஐந்து மணி வரை பதினொரு மணித்தியாலம். கதை நடத்துநர் மேசையின் நடுவே பதினொரு புளியங்கொட்டைகளை வைப்பார். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கொட்டை நீங்கும். ஒரு செயலை நிதானமாகச் செய்வோர் இரண்டு கொட்டைகளை இழப்பர். ஆயின் பகடை உருட்ட வேண்டியதில்லை. விரைந்து செய்வோர் ஒரு கொட்டையையே இழப்பர். ஆயின் பகடை உருட்ட வேண்டும். கொட்டைகள் முடிவதற்குள் வேலிக்கு வெளியே வந்துவிடல் வேண்டும். இவ்விதியில் அபாயம் குருட்டு விதியால் வருவதில்லை. ஆடுவோரின் அவசரத்தால் வருகின்றது. பகைவன் ஒருவனும் இல்லாமலே மேசையில் நெஞ்சு படபடக்கும்.

இனிச் சட்டமின்மையைப் பற்றிச் சில சொல்வோம். சட்டமற்ற நிலம் என்றவுடன் யாரும் எதனையும் செய்யலாம் எனக் கருதுவோர் பலர். உண்மை இதற்கு மாறானது. அத்தகைய நிலத்தில் சட்டம் இல்லாமற் போவதில்லை, பலவாகிவிடுகின்றது. 2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, அவ்வாண்டு ஏப்பிரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. அதன்வழி பயணித்தோர் இதனை நன்கறிவர். ஓமந்தையில் அரச சாவடி. அப்பால் விடுதலைப் புலிகளின் சாவடி. இடையிலே செஞ்சிலுவைச் சங்கத்தார் நின்ற சூனியப் பிரதேசம். முகமாலையிலும் அவ்வாறே. ஒரு சாவடியில் அடையாள அட்டை. மறு சாவடியில் பொருள்களுக்கு வரி. அப்பால் வேறு நீதிமன்றம், வேறு காவற்றுறை, வேறு வங்கி. நேரமும் வேறாயிருந்தது. அரசு 1996 ஆம் ஆண்டில் கடிகாரத்தை முன்னே நகர்த்தியது. புலிகள் அம்மாற்றத்தை ஏற்கவில்லை. 2006 ஏப்பிரலில் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, சாவடியைக் கடந்தவர் தம் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே திருப்ப வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஒகஸ்ட் மாதம் முகமாலை வழி மூடப்பட்டது. குடாநாடு தரைவழி துண்டிக்கப்பட்டது.

கற்பனைக் களம் அமைப்போருக்கு இவ்வரை மணித்தியாலம் பத்துப் பூதங்களிலும் பயனுடையது. எல்லையைக் கடந்தோம் என்பதை உணர்த்த இடியும் மின்னலும் வேண்டியதில்லை. ஒரு கடிகாரம் போதும். ஆகவே வலயத்துள் குறைந்தது மூன்று அதிகாரங்களை அமைக்க: வேலியைக் காப்பவர், வேலிக்குள் மறைந்து தொழில் செய்பவர், வேலிக்கு வெளியே காத்திருக்கும் ஊரவர். பழைய இரும்பு பொறுக்குவோர், விறகு வெட்டுவோர், மணல் ஏற்றுவோர் ஆகியோர் இரண்டாம் வகையினர். இவர்கள் பெரும்பாலும் கொடியவர் அல்லர்; வறியவர். ஒவ்வோர் அதிகாரத்துக்கும் ஒரு நேரம், ஒரு வரி, மீறலாகாத ஒரு விதி என மூன்றனை எழுதிவைத்தாற் போதும்.

எழுத்துச் சட்டம் வலுவிழந்த இடத்தில் வாய்ச்சொல்லே சட்டமாகும். எனவே ஆடுவோர் ஒவ்வொருவரும் தாம் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதைத் தம் தாளில் எழுதிவருதல் வேண்டும். வாக்குக் காத்தவருக்கு அடுத்த முறை கதவு திறக்கும். தவறியவருக்கு ஊர் முழுவதும் மூடும். வாளின் கூர்மையைக் கணக்கிடும் ஆட்டங்கள் பல உள. சொல்லின் உறுதியைக் கணக்கிடும் ஆட்டம் வலயத்துக்கே உரியது.

இனி உரிப்பொருள். வலயத்துள் நுழைபவர் யார், ஏன் நுழைகின்றனர் என்பதே அது. நாவலிலும் திரையிலும் நுழைபவன் புதையல் தேடுபவன். மெய்யான வலயங்களில் நுழைவோரை நோக்குவோம். செர்னோபில் வலயத்துக்குள் தடையையும் மீறித் திரும்பிச் சென்று குடியேறியோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். பெரும்பாலோர் முதிய பெண்கள். அவர் தேடியது பொன்னன்று. தம் தோட்டமும் தம் முன்னோர் கல்லறையும். நம் நாட்டிலும் அவ்வாறே. ஆகையால் ஆட்டத்துக்கேற்ற பாத்திரங்கள் வருமாறு: உறுதியைக் கையில் வைத்திருக்கும் முதிய பெண், ஊரை ஒருபோதும் காணாத அவள் பேரன், வெடியகற்றும் பணிப்பெண், பழைய நிலப்படம் வைத்திருக்கும் நில அளவையாளர், திருவிழாவை மீண்டும் நடத்த விரும்பும் கோயிற் குருக்கள், இரும்பு பொறுக்கி வாழும் இளைஞன். இவ்வறுவரையும் ஒரு மேசையில் அமர்த்தினால் கொள்ளையர் பாசறை தேவைப்படாது.

எடுத்துக்காட்டாக ஆலடித்துறை என்ற கற்பனை ஊர் ஒன்றை அமைப்போம். கடற்கரை, சிறு துறை, ஓட்டு வீடுகள் நாற்பது, பாடசாலை ஒன்று, பங்குக் கிணறுகள் ஒன்பது. ஊர் மூடப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. இப்போது கடற்கரை ஓரம் ஒரு துண்டு விடுவிக்கப்படுமாம். உரியவர் தம் எல்லைக்கல்லைக் காட்ட வேண்டும். முதிய பெண்ணின் வளவின் நான்கு கற்களுள் மூன்று வேலிக்கு வெளியே உள்ளன. நான்காவது உள்ளே உள்ளது. அதனைக் கண்டு அளவையாளர் குறித்துக்கொள்ள வேண்டும். கையில் உள்ளவை பதினொரு புளியங்கொட்டைகள். வழியிலே சிவப்புப் பலகை ஒன்று சாய்ந்து கிடக்கின்றது; அது எப்பக்கத்தை நோக்கி நின்றதென்று தெரியவில்லை. இரும்பு பொறுக்கும் இளைஞனுக்குப் பாதுகாப்பான தடம் தெரியும். ஆயின் அதனைச் சொன்னால் அவன் பிழைப்புப் போய்விடும். அவனிடம் யார், என்ன வாக்குக் கொடுப்பார்? ஒரு மாலைப் பொழுதுக்கு இக்கதை போதும். ஒரு கல்லுக்காகவா இத்தனை பாடு என்று கேட்போர், அக்கல்லைத் தேடி அலைந்தோரைக் கேட்டறிக.

துயரப்பட்ட மண்ணை விளையாட்டுக்குப் பொருளாக்குதல் தகுமோ என்று பெற்றோர் சிலர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. எமது பாடசாலைகளில் பயிலும் பிள்ளைகள் 2009 ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர்கள். போரை அவர்கள் கைத்தொலைபேசியில் சுட்டு விளையாடும் ஆட்டங்களாகவே அறிவர். அவ்வாட்டங்களில் நிலத்துக்கு உரியவர் இலர். சுவர்கள் ஒளிந்து நின்று சுடுவதற்கே உள்ளன. வீட்டிலோ பெரியோர் பேசுவதில்லை. பேசினால் நெஞ்சு தாங்காது. இவ்விரண்டுக்கும் இடையில், ஒரு வீட்டை வீடாகவும் ஒரு கிணற்றைக் கிணறாகவும் எண்ணிப் பார்க்கக் கதையாட்டம் ஒரு வாயில் திறக்கின்றது. பேரன் ஆட்டத்துக்கென்று ஒழுங்கையின் பெயரைக் கேட்கும்போது, பாட்டி பதில் சொல்லத் தொடங்குவாள். வரலாற்றுப் பாடம் செய்யவியலாத ஒன்றை ஒரு விளையாட்டு செய்தல் கூடும்.

ஆயினும் சில வரம்புகள் வேண்டும். மெய்யான ஊரின் பெயரையும் மெய்யான மனிதரின் சாவையும் மேசைக்குக் கொண்டுவரலாகாது. உண்மையிலிருந்து கற்று, கற்பனை ஊரில் ஆடுக. ஆட்டத்திலுள்ள எவரும் கை உயர்த்தினால் அக்காட்சியை அவ்விடத்தே நிறுத்தி அப்பாற் செல்க, காரணம் கேட்கலாகாது. எப்பக்கத்துப் பிள்ளை மேசையில் அமர்ந்தாலும் தன் வீட்டாரை இழிவுசெய்யக் கேளாதிருத்தல் வேண்டும். ஹெந்தளை போன்ற ஊர்களில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்கின்றனர். ஒரே மேசையில் இவர்கள் அமர்ந்து, ஒருவன் வேலிக் காவலனாகவும் மற்றவன் காணிக்காரனாகவும் வேடமிட்டு, மறுநாள் வேடத்தை மாற்றி ஆடினால், அதன் பயன் விளையாட்டின் எல்லையைக் கடந்ததாகும்.

இறுதியாக, வலயத்துக்கு ஒரு முடிவு உண்டென்பதை மறவற்க. முடிவில்லாத வலயத்தைக் காட்டும் ஆட்டங்கள் பல; ஆனால் நிலங்கள் திரும்புகின்றன. 2015 சனவரியில் காங்கேசன்துறைக்குப் புகைவண்டி மீண்டும் வந்தது. 2017 யூலை 3 ஆம் நாள் மயிலிட்டித் துறைமுகம் இருபத்தேழு ஆண்டுகளின் பின் மக்களிடம் கையளிக்கப்பட்டது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அது 2018 யூன் 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வெடிகளை அகற்றப் பத்து ஆண்டுக் காலம் அதில் வகுக்கப்பட்டுள்ளது. இன்னும் திரும்பாத காணிகளும் உள. திரும்பாமலே போன நிலங்களும் உலகில் உண்டு. பிரான்ஸ் நாட்டில் வெர்டன் நகருக்கு அருகே முதலாம் உலகப் போரில் ஒன்பது கிராமங்கள் அழிந்தன. நூறு ஆண்டு கடந்தும் குடிகள் இல்லாத அக்கிராமங்கள் சிலவற்றுக்கு இன்றும் ஊர்த்தலைவர் நியமிக்கப்படுகின்றார். ஆள் இல்லை, ஆனால் ஊர் உண்டு என்பதை ஒரு நாடு சட்டத்தால் நினைவிற் கொள்ளும் முறை அது.

பாலை பிறவி நிலம் அன்று என்பதன் மறுபக்கம் யாதெனின், மழை பெய்தால் அது மீண்டும் முல்லையாகும் என்பதே. ஆட்டத்தின் கடைசி நாளில் கதை நடத்துநர் தம் பழைய படத்தை எடுத்து, வேலியைக் குறிக்கும் கோட்டை அழிக்கட்டும். ஆடியோர் ஒவ்வொருவரும் ஒரு கிணற்றைத் தெரிந்து, அதனருகே அதற்குரியவர் பெயரை எழுதட்டும். ஒன்பது கிணறுகளுக்கும் பெயர் எழுதப்பட்ட படம் வலயத்தின் படம் அன்று. அது ஓர் ஊரின் படம்.